எந்த பார்ட்டை மாத்தணும்? கேமிங் கம்ப்யூட்டர் அப்கிரேடின் நாற்பது வருஷக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

போன மாசம் என் சித்தி பையன்கிட்டருந்து ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். "அண்ணா, 30 ஆயிரம் சேர்த்து வெச்சிருக்கேன். பிசி ரொம்பத் திணறுது. புது கிராபிக்ஸ் கார்டு போட்டுடலாமா?"

அவன் காலேஜ் மூணாவது வருஷம். எட்டு மாசமா பக்கத்துத் தெரு பசங்களுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு அது. மிஷின் 2018-ல் வாங்கினது: ரைசன் 5 1600 பிராசசர், பி350 மதர்போர்டு, ஒரே ஒரு 8 ஜிபி ரேம் ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 1060 கார்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க், 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்.

நான் உடனே "சரிடா, வாங்கிடு"னு சொல்லியிருக்கலாம். சொல்லலை. காரணம், இதே தப்பை நான் ஏற்கனவே பண்ணியிருக்கேன். 2016-ல் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். என்கிட்ட இருந்தது ஒரு டூயல் கோர் மிஷின். ஜிடிஏ 5 சரியா ஓடலைனு அப்பாகிட்ட கெஞ்சி, அவர் சீட்டு எடுத்த காசுல ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். மாட்டி, கேமைத் திறந்து, காரை எடுத்துக்கிட்டு சிட்டிக்குள்ள போனா... அதே திக்கல். காட்சி கொஞ்சம் அழகாச்சு, வேகம் ஏறவே இல்லை. அப்பா வந்து "எப்படிப்பா ஓடுது?"னு கேட்டார். "சூப்பரா ஓடுதுப்பா"னு சொன்னேன்.

அந்தப் பொய்க்குப் பின்னாடி இருந்த டெக்னிக்கல் விஷயம் எனக்குப் புரிய ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னைக்கு அதோட வரலாறு. எந்த பார்ட்டை மாத்தணும்ங்கிற கேள்வி எங்கிருந்து வந்தது, ஒவ்வொரு காலத்திலும் அதுக்கு ஏன் வேற வேற பதில் வந்தது, இதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல மாத்த முடியணுமே

பார்ட்டை மாத்தலாம்ங்கிறதே தானா வந்த உரிமை கிடையாது. 1977-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டர் உருவானப்போ, ஸ்டீவ் ஜாப்ஸ் ரெண்டு ஸ்லாட் போதும்னு நினைச்சார்: ஒண்ணு பிரிண்டருக்கு, ஒண்ணு மோடத்துக்கு. ஸ்டீவ் வாஸ்னியாக் எட்டு வேணும்னு அடம் பிடிச்சார். வாஸ்னியாக் ஜெயிச்சார். ஏழு வருஷம் கழிச்சு 1984-ல் மேகின்டாஷ் வந்தப்போ அதுல ஒரு ஸ்லாட் கூட இல்லை.

நம்ம கதைக்கு முக்கியமான தேதி 1981 ஆகஸ்ட் 12. ஐபிஎம் தன்னோட பெர்சனல் கம்ப்யூட்டரை அறிவிச்ச நாள். ஃபுளோரிடாவின் போகா ரடோன் ஊரில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் ஒரு சின்ன குழு, சுமார் ஒரு வருஷத்துல அதை முடிச்சாங்க. அவ்வளவு வேகமா முடிக்கணும்னா எல்லாத்தையும் சொந்தமா செய்ய முடியாது. அதனால வெளியில கிடைக்கிற பார்ட்ஸை வாங்கிக் கோர்த்தாங்க. 4.77 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் 8088 பிராசசர், ஐந்து எக்ஸ்பான்ஷன் ஸ்லாட், அதோட 8087ங்கிற கணக்கு சிப்புக்காக ஒரு காலி சாக்கெட். வாங்குற அன்னைக்கே, "பின்னாடி வேணும்னா போட்டுக்கோ"னு ஒரு இடம் விட்டுக் கொடுத்த மிஷின் அது. சர்க்யூட் வரைபடத்தையும் பயாஸ் நிரலையும் கூட புத்தகமா வெளியிட்டாங்க. அதனால மத்த கம்பெனிகள் கார்டு செஞ்சாங்க. அடுத்த வருஷமே காம்பேக் மாதிரி கம்பெனிகள் மொத்த மிஷினையே செஞ்சாங்க.

1987-ல் ஐபிஎம் முழிச்சுக்கிச்சு. பிஎஸ்/2 வரிசையில் மைக்ரோ சேனல்னு புது ஸ்லாட் கொண்டு வந்தாங்க. அதைப் பயன்படுத்த லைசென்ஸ் வாங்கணும், பழைய கார்டு எதுவும் உள்ளே போகாது. போட்டி கம்பெனிகள் ஒன்பது பேர் ஒண்ணு சேர்ந்து 1988-ல் ஈஐஎஸ்ஏனு வேற ஸ்லாட்டை அறிவிச்சாங்க. ஐபிஎம்மின் ஸ்லாட் மெல்ல மறைஞ்சு போச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, நம்ம கையில இருக்குற பணம் எங்கே போகலாம்ங்கிறதை நாம மட்டும் முடிவு பண்றதில்லை. ஸ்லாட்டும் சாக்கெட்டும் யாரோ ஒருத்தர் பல வருஷம் முன்னாடி எடுத்த முடிவு. இதை மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில மறுபடி வரும்.

யார் யாருக்காகக் காத்திருக்காங்க?

இப்போ ஒரு சின்ன கணக்கு. தினமும் தாம்பரத்துலருந்து ஆபீஸ் போக உங்களுக்கு 60 நிமிஷம் ஆகுதுனு வைங்க. ட்ரெயின்ல 20 நிமிஷம், ஸ்டேஷன்லருந்து ஆபீஸுக்கு ஷேர் ஆட்டோவுல 40 நிமிஷம். ட்ரெயினோட வேகத்தை ரெண்டு மடங்கு ஆக்கினாலும் 50 நிமிஷம் ஆகும். ட்ரெயின் நேரத்தை சுத்தமா பூஜ்யம் ஆக்கினாலும் 40 நிமிஷத்துக்குக் கீழே போக முடியாது.

1967-ல் ஜீன் ஆம்டால் சொன்ன விஷயத்தோட எளிய வடிவம் இது. அவர் ஐபிஎம் சிஸ்டம்/360 கம்ப்யூட்டரின் தலைமை வடிவமைப்பாளர்கள்ல ஒருத்தர். ஒரே வேலையை நிறைய பிராசசர்களுக்குப் பிரிச்சுக் கொடுத்தா எவ்வளவு வேகம் வரும்னு எல்லாரும் பேசிக்கிட்டு இருந்த காலம். பிரிக்க முடியாத பகுதி எவ்வளவோ, அதுதான் மொத்த வேகத்துக்கும் எல்லைனு அவர் காட்டினார். இன்ஜினியரிங் படிச்சவங்க இதை ஆம்டால் விதினு பரீட்சைக்கு எழுதியிருப்பீங்க. நானும் எழுதினேன். மார்க் கூட வந்தது. ஆனா கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போனப்போ அது ஞாபகம் வரலை!

கேமிங் பிசி வரலாறு முழுக்க இந்த ஷேர் ஆட்டோவைத் தேடுற கதைதான். சிக்கல் என்னன்னா, அது ஒரே இடத்துல நிக்கிறதில்லை.

1993: ரோடு பத்தலை

1993 டிசம்பர்ல டூம் வந்தது. அந்த விளையாட்டின் திரை 320க்கு 200 பிக்சல். ஒரு பிக்சலுக்கு ஒரு பைட். அதாவது ஒரு ஃப்ரேமுக்கு 64,000 பைட். டூம் நொடிக்கு அதிகபட்சம் 35 ஃப்ரேம் காட்டும். கணக்குப் போட்டா நொடிக்கு 22 லட்சத்து 40 ஆயிரம் பைட் பிராசசர்லருந்து வீடியோ கார்டுக்குப் போகணும்.

அப்போ பெரும்பாலான மிஷின்ல இருந்த ரோடு ஐஎஸ்ஏ ஸ்லாட். 16 பிட் அகலம், சுமார் 8 மெகாஹெர்ட்ஸ் வேகம். 66 மெகாஹெர்ட்ஸ் 486 பிராசசர் வெச்சிருந்தவர் கூட, ஒவ்வொரு முறை திரைக்கு எழுதும்போதும் இந்த மெதுவான ரோட்டுக்காகக் காத்திருக்கணும். அவர் இன்னும் வேகமான பிராசசர் வாங்கினா, அது இன்னும் வேகமா வந்து காத்திருக்கும். அவ்வளவுதான்.

விடை வீசா லோக்கல் பஸ். 32 பிட் அகலம், 486-இன் சொந்த பஸ் வேகத்துலயே ஓடும், பெரும்பாலும் 33 மெகாஹெர்ட்ஸ். அந்த ஸ்லாட் இருந்த போர்டுல டூம் பறந்தது. ஆனா அதுலயும் ஒரு வில்லங்கம். அந்த ஸ்லாட் 486-இன் பஸ்ஸோட ஒட்டிப் பிறந்தது. பென்டியம் வந்து, பிசிஐ ஸ்லாட் பரவினதும், காசு போட்டு வாங்கின அந்த வேகமான கார்டு அடுத்த மிஷின்ல மாட்டவே இடமில்லாம போச்சு. சரியான பாட்டில்நெக்கைத் தான் சரி பண்ணாங்க, ஆனா போட்ட காசு அந்த ஒரு மிஷினோட முடிஞ்சது.

1996: கேம் மாறிச்சு, கேள்வியும் மாறிச்சு

அடுத்த திருப்பம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1996 தொடக்கத்துல சைரிக்ஸ்னு ஒரு கம்பெனி 6எக்ஸ்86 பிராசசரை விக்குது. அதோட பேருலயே ஒரு பெருமை: 133 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுற சிப்புக்கு "பி166+"னு பேர். அதாவது, 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்கு நான் குறைஞ்சவன் இல்லைனு அர்த்தம். அது பொய்யும் இல்லை. ஆபீஸ் வேலைகள்ல, முழு எண் கணக்குல, அது நிஜமாவே பென்டியத்தோட மோதும். விலையும் கம்மி. அந்த வருஷம் அதை வாங்கினவர் புத்திசாலி.

ஜூன் 22-ம் தேதி வரைக்கும். அன்னைக்கு குவேக் வெளிவந்தது.

டூம் பெரும்பாலும் முழு எண் கணக்குலயே ஓடின கேம். குவேக் நிஜமான 3டி. அதுக்கு தசம எண் கணக்கு, அதாவது ஃப்ளோட்டிங் பாயிண்ட், ஏராளமா வேணும். ஜான் கார்மாக்கும் மைக்கேல் ஆப்ராஷும் பென்டியத்தை மனசுல வெச்சு ஒரு தந்திரம் பண்ணாங்க. சுவர்ல இருக்குற படம் சாய்வா பார்த்தாலும் சரியாத் தெரியணும்னா, பிக்சலுக்குப் பிக்சல் ஒரு வகுத்தல் போடணும். வகுத்தல் ரொம்ப மெதுவான வேலை. அவங்க 16 பிக்சலுக்கு ஒரு தடவை மட்டும் வகுத்தாங்க. அந்த வகுத்தல் பென்டியத்தின் ஃப்ளோட்டிங் பாயிண்ட் பகுதியில ஓடிக்கிட்டு இருக்கும்போதே, முழு எண் பகுதி முந்தின 16 பிக்சலை வரைஞ்சுக்கிட்டு இருக்கும். ஒரு அடுப்புல சோறு, இன்னொரு அடுப்புல குழம்பு.

சைரிக்ஸின் ஃப்ளோட்டிங் பாயிண்ட் பகுதி பென்டியம் அளவுக்கு வேகமில்லை. அதனால அதே சிப், அதே போர்டு, அதே கடைக்காரர், ஆனா குவேக்ல மட்டும் பின்தங்கிடுச்சு. வாங்கினவர் ஏமாறலை, சிப்பும் கெட்டுப் போகலை. அவர் வாங்கின பிறகு கேள்வித்தாளே மாறிப் போச்சு.

அதே 1996-ல் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ சிப்போட கார்டுகள் வந்தது. 4 எம்பி மெமரி, பிசிஐ ஸ்லாட்ல போடலாம். விசித்திரம் என்னன்னா, அதுக்கு சாதாரண டெஸ்க்டாப்பைக் காட்டத் தெரியாது. ஏற்கனவே இருக்குற வீடியோ கார்டை எடுக்காம, ரெண்டையும் ஒரு கேபிளால இணைக்கணும். 3டி கேம் ஓடும்போது மட்டும் வூடூ திரையைக் கையில எடுத்துக்கும். 1997 ஜனவரியில் குவேக்கின் ஓபன்ஜிஎல் வடிவம் வந்தப்போதான் அதோட அருமை எல்லாருக்கும் தெரிஞ்சது. பிக்சல் வரையுற வேலை மொத்தமா பிராசசர் தலையிலருந்து இறங்கிடுச்சு.

ஆனா வூடூ வரைய மட்டும்தான் செய்யும். எந்த முக்கோணம் எங்கே வரணும்ங்கிற கணக்கு இன்னும் பிராசசர் கையிலதான். அந்தக் கணக்கையும் கார்டே செய்யுறது 1999-ல் ஜிஃபோர்ஸ் 256 வந்த பிறகுதான் பரவலாச்சு. நடுவுல, பழைய பிராசசர்ல வேகமான 3டி கார்டு போட்டவங்க எல்லாரும் 2016-ல் நான் நின்ன அதே இடத்துல நின்னாங்க: கார்டு ரெடி, ஆனா வேலை வந்து சேரலை.

2013லருந்து 2023 வரை: தூக்கமும் விழிப்பும்

பெரிய தாவல் தாவுறேன், மன்னிச்சிடுங்க. 2011 ஜனவரியில் வந்த இன்டெல் ஐ5-2500கே வாங்கினவங்க அஞ்சாறு வருஷம் பிராசசர் பக்கமே திரும்பலை. ஒவ்வொரு வருஷமும் புது சிப் வந்தது, ஆனா நாலு கோர்தான், முன்னேற்றமும் கொஞ்சம்தான். கூடவே 2013-ல் வந்த பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ரெண்டுலயும் இருந்தது மெதுவான எட்டு ஜாகுவார் கோர்களும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும். பெரிய கேம் எல்லாம் அந்த பெட்டிகளுக்காகத்தான் எழுதப்பட்டது. அதனால பிசிக்காரங்களுக்கு அந்தக் காலத்துல ஒரே மந்திரம்: கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாத்து. என் தம்பி உட்பட நிறைய பேர் மனசுல இருக்குறது இந்தப் பத்து வருஷத்து ஞானம்தான்.

2020 நவம்பர்ல பிஎஸ்5-உம் புது எக்ஸ்பாக்ஸும் வந்தது. எட்டு ஜென் 2 கோர், வேகமான எஸ்எஸ்டி. ரெண்டு மூணு வருஷத்துல கேமும் அந்தப் பக்கம் நகர்ந்தது. 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3, ஸ்டார்ஃபீல்ட் ரெண்டும் எஸ்எஸ்டி வேணும்னே தேவைகள் பட்டியல்ல போட்டாங்க. தலையை அங்கே இங்கே நகர்த்தித் தேடுற ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு தகவலை எடுக்க பத்து மில்லிசெகண்ட் கிட்ட ஆகும். எஸ்எஸ்டிக்கு அதுல நூத்துல ஒரு பங்கு. இதைக் கிராபிக்ஸ் கார்டு போட்டுச் சரி பண்ண முடியாது.

இன்னொரு உதாரணம், இது பழைய மிஷின் வெச்சிருக்குறவங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும். 2022 ஜனவரியில் ஏஎம்டி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டினு ஒரு விலை குறைஞ்ச கார்டு விட்டாங்க. பழைய மிஷினுக்கு ஏத்ததுனு தோணும். ஆனா அதுல பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் நாலு மட்டும், மெமரியும் 4 ஜிபிதான். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டுல சமாளிக்கும். 3.0 போர்டுல ரோடு பாதியாயிடும். மெமரி நிரம்பினதும் மிச்சத்தை அந்தக் குறுகின ரோட்டு வழியாத்தான் எடுக்கணும். பழைய மிஷின்காரரைக் குறிவைச்ச விலை, ஆனா பழைய மிஷின்லதான் அதிகம் தடுமாறும். 1993-ன் ஐஎஸ்ஏ கதைதான், 29 வருஷம் கழிச்சு வேற சட்டை போட்டுக்கிட்டு வந்தது. தம்பியோட பி350 போர்டு? 3.0.

ஒரு சாக்கெட்டின் ஆயுள்

முதல்ல சொன்ன ஸ்லாட் விஷயத்துக்கு வருவோம். 2017 ஜனவரியில் இன்டெலின் இசட்270 போர்டு வாங்கினவங்க, அதே வருஷம் அக்டோபர்ல வந்த ஆறு கோர் பிராசசரை அதுல போட முடியலை. சாக்கெட் பேரு ரெண்டுக்கும் 1151-தான். ஆனா புது போர்டு வேணும்னு இன்டெல் சொல்லிடுச்சு.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வேற மாதிரி போச்சு, ஆனா அதுவும் சும்மா நடக்கலை. 2020 மே மாசம், வரப்போற ஜென் 3 சிப்புகள் பழைய 400 வரிசை போர்டுல வேலை செய்யாதுனு ஏஎம்டி அறிவிச்சது. வாடிக்கையாளர்கள் சத்தம் போட்டாங்க. சில நாள்லயே முடிவை மாத்திக்கிட்டாங்க. 2022-ல் இன்னும் பழைய 300 வரிசைக்கும் அனுமதி வந்தது. அதே வருஷம் ஏப்ரல்ல 96 எம்பி எல்3 கேஷோட 5800எக்ஸ்3டி வந்தது. 2017-ல் வாங்கின போர்டுல, 2022-ன் சிறந்த கேமிங் பிராசசர்கள்ல ஒண்ணைப் போடலாம்னு ஆச்சு, பயாஸ் அப்டேட் கிடைச்சா. வாஸ்னியாக் எட்டு ஸ்லாட்டுக்காகச் சண்டை போட்டது மாதிரிதான் இதுவும். இந்தத் தடவை சண்டை போட்டவங்க மிஷினை வாங்கினவங்க.

தம்பி என்ன பண்ணான்?

நான் அவனை ஒரு டெஸ்ட் பண்ணச் சொன்னேன். அவன் அப்போ விளையாடிக்கிட்டு இருந்தது பால்டர்ஸ் கேட் 3, மூணாவது அங்கம். நகரத்துக்குள்ள கூட்டம் கூட்டமா ஆளுங்க நடமாடுற இடம். அங்கேதான் திணறல். எஃப்பிஎஸ்ஸைக் குறிச்சுக்கிட்டு, ரெசல்யூஷனை 1080லருந்து 720க்கு இறக்கச் சொன்னேன். கிராபிக்ஸ் கார்டுதான் பாட்டில்நெக்னா வேகம் ஏறணும். ஏறலை. கார்டு 55 சதவீதம்தான் வேலை செஞ்சுக்கிட்டு இருந்தது. "அண்ணா, பிராசசரும் 60 சதவீதம்தான் காட்டுது, அது ஃப்ரீயாதானே இருக்கு?"னு கேட்டான். 12 த்ரெட்டோட சராசரி அது. ஒரு த்ரெட் மூச்சு முட்ட ஓடினாலும் சராசரி அமைதியாத்தான் இருக்கும். இங்கேதான் ஆம்டால் மறுபடி வர்றார்.

முடிவு: பிராசசரை ரைசன் 5 5600-ஆக மாத்துறது, இன்னொரு 8 ஜிபி ரேம் ஸ்டிக் போட்டு டூயல் சேனல் ஆக்குறது, ஒரு எஸ்எஸ்டி. 1060 கார்டு அப்படியே இருக்கட்டும். பிராசசர் மாத்துறதுல இன்னொரு லாபமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. ரைசன் 1600 விண்டோஸ் 11-ன் அதிகாரபூர்வ பட்டியல்ல இல்லை. 5600 இருக்கு.

அவனுக்கு முகம் தொங்கிடுச்சு. எட்டு மாச உழைப்புக்குக் கண்ணுக்குத் தெரியுற மாதிரி, லைட் எரியுற மாதிரி ஒண்ணு வேணும்னு ஆசை. அதுல எனக்கு வருத்தம்தான். ஆனா கார்டு வாங்கியிருந்தா எஸ்எம்பிஎஸ்ஸும் போதுமான்னு பார்க்கணும், அப்புறம் அந்த நகரத்துல அதே திக்கல்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பழைய பிராசசர் சாக்கெட்ல இருக்கும்போதே பயாஸை அப்டேட் பண்ணுங்க. புதுசை மாட்டிட்டு அப்புறம் பண்ணலாம்னு இருந்தா மிஷின் ஆன் ஆகாது. யுபிஎஸ் இருந்தா அதுல போட்டுப் பண்ணுங்க. நடுவுல கரண்ட் போச்சுன்னா போர்டுக்கே ஆபத்து. உங்க மாடலுக்கு அந்த அப்டேட் இருக்கான்னு போர்டு கம்பெனி வெப்சைட்ல முதல்லயே பார்த்துடுங்க.

போன ஞாயிறு ரெண்டு பேரும் உட்கார்ந்து மாட்டினோம். நகரத்துக்குள்ள போனான். இந்த முறை கார்டு 97 சதவீதத்துல ஓடுது. "இப்போ கார்டுதான் பாட்டில்நெக்"னு சிரிச்சான். ஆமா, இனிமே அதுக்குக் காசு சேர்க்கலாம், அந்தக் காசு வீணாகாது. "எப்படிடா ஓடுது?"னு கேட்டேன். "நல்லா ஓடுதுண்ணா"ன்னான். திரையில நம்பரையும் பார்த்தேன். பொய் சொல்லலை.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம் மக்களே. உங்க மிஷின்ல 720 டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டு என்ன வந்ததுனு சொல்லுங்க.